சைக்கிளுக்கு டார்க் ரென்ச்: முள்ளா, கிளிக்கா, ப்ரீசெட்டா?

உங்க சைக்கிள்ல ஹேண்டில்பாரை ஸ்டெம்மோட (ஹேண்டில்பாரைத் தாங்குற குட்டைத் துண்டு) சேர்த்துப் புடிச்சிருக்குற நாலு சின்ன போல்ட் பக்கத்துல கொஞ்சம் குனிஞ்சு பாருங்க, பொடி எழுத்துல 5 என்எம்னு (நியூட்டன் மீட்டர், எவ்வளவு முறுக்கணும்ங்குற அளவு) போட்டிருக்கும், சிலதுல 4, சிலதுல 6. டார்க் ரென்ச், அதாவது எவ்வளவு முறுக்குறோம்னு அளந்து சொல்ற ஸ்பானர், வாங்குறதே முக்கியமா இந்த மாதிரி போல்ட்டுக்குத்தான். அதனால எந்த ரென்ச்சைப் பாத்தாலும் நான் முதல்ல கேக்குறது, 5 என்எம்ல இது ஒழுங்கா வேலை செய்யுமா?

இதைக் கேக்காம வாங்கிட்டேன் ஒரு தடவை. 5லருந்து 60 வரைக்கும்னு போட்டிருந்த பெரிய கிளிக் டைப் (நாம வச்ச அளவு வந்ததும் கிளிக்குன்னு தட்டுறது), ஒண்ணு வாங்குனா எல்லாத்துக்கும் ஆச்சுன்னு நினைச்சு, 5ல வச்சு ஸ்டெம் போல்ட்டை டைட் பண்ணேன், கிளிக் வரும் வரும்னு பாத்துக்கிட்டே திருப்புறேன், திடீர்னு போல்ட் லூசா சுத்த ஆரம்பிச்சது, அலுமினியத்துல இருந்த மரை மொத்தமா போயிடுச்சு. காரணம் அப்புறம்தான் புரிஞ்சது. கைப்பிடி நீளம் 40 செமீ, அந்த முனையில 5 என்எம்னா வெறும் ஒண்ணேகால் கிலோ அழுத்தம்தான், அவ்வளவு லேசான இடத்துல பெரிய ஸ்பிரிங்கோட கிளிக் கைக்கே தெரியாது. எந்த கிளிக் ரென்ச்சா இருந்தாலும் அதோட மேல் அளவுல அஞ்சுல ஒரு பங்குக்குக் கீழ நம்பாதீங்க, 60 வரைக்கும் உள்ளதுன்னா 12க்கு மேலதான் அது உருப்படி.

முள் வச்ச பீம் டைப் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஸ்பிரிங் கிடையாது, வளையுற கம்பி ஒண்ணு, வளையாத முள் ஒண்ணு, அவ்வளவுதான் உள்ள. முள் சைபர்ல நிக்கலைன்னா கையாலயே லேசா வளைச்சு சைபருக்குக் கொண்டு வந்துடலாம். ரெண்டு பக்கமும் அளக்கும், இடது பெடல் மரை தலைகீழ்தானே, அதுக்கும் சரி. விலையும் கம்மி. ஆனா கண்ணு முள்ளுக்கு நேர் மேல இருக்கணும், சாஞ்சு பாத்தா அளவு மாறிடும், சீட்டுக்கு அடியில இருக்குற போல்ட்டுல முள்ளைப் பாக்கவே வராது.

கிளிக் டைப்ல சின்னது, 2லருந்து 14 வரைக்கும் உள்ளது, பார்க் டூல்ல டிடபிள்யூ-5.2 இந்த ரகம். டிஸ்க் ரோட்டர் (டிஸ்க் பிரேக் தட்டு) போல்ட், ஸ்டெம், சீட் கிளாம்ப், பிரேக் காலிப்பர், ஷிமானோ கிராங்க் (பெடல் மாட்டுற கை) பக்கவாட்டு போல்ட் (12-14 என்எம்) எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும். ஐஎஸ்ஓ 6789 தரப்படி 10 என்எம் வரைக்குமான ரென்ச்சுக்கு 6 சதவீதம், அதுக்கு மேல போறதுக்கு 4 சதவீதம் பிழை அனுமதி, 6 சதவீதம்னாலும் 5 என்எம்ல 0.3தான், தாராளமா போதும். கிளிக் வந்ததும் நிறுத்தணும், தொடர்ந்து இழுத்தா அது பாட்டுக்கு டைட் ஆகிட்டே போகும். வேலை முடிஞ்சா ஸ்கேலோட குறைஞ்ச அளவுக்கு இறக்கி வைங்க, போல்ட் கழட்ட இதை எடுக்காதீங்க.

புதுசு வந்ததும் நான் தண்ணி வச்சு சோதிச்சுப் பாப்பேன். தலையில இருக்குற சதுரத்தை வைஸ்ல புடிச்சு, ரென்ச் படுக்கையா நிக்கணும், கைப்பிடி நடுவுல, அது சதுரத்துலருந்து 20 செமீன்னு வச்சுக்குவோம், வாளியோட சேர்த்து இரண்டரை கிலோ தொங்கவிட்டா 4.9 என்எம். 5ல வச்ச ரென்ச் அதை ஒட்டி கிளிக் ஆகணும், ரென்ச்சோட சொந்த எடை இன்னும் கொஞ்சம் சேரும்.

ப்ரீசெட்னா அளவு முன்னாடியே குறிச்சு வர்றது, டி வடிவத்துல கைக்குள்ள அடங்குறது, பார்க் டூல் ஏடிடி-1.2 மாதிரி 4லருந்து 6 வரைக்கும் அரை அரையா மாத்திக்கலாம். சீட் உயரம், ஹேண்டில்பார் மட்டும் தொடுறவங்களுக்கு இதைவிட நிம்மதி இல்லை, பையில போட்டுக்கிட்டே போயிடலாம். கிராங்குக்கு ஆகாது. டிஜிட்டல் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்லை, பேட்டரி தீராம பாத்துக்கணும், அந்தக் காசுக்கு மேல சொன்னதுல ரெண்டு வாங்கிடலாம்.

கேசட் லாக்ரிங் (பின் சக்கரத்துப் பல்சக்கரங்களை இறுக்குற வளையம்) 40 என்எம், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுத்துற பேரிங்) 35-50, பெடல் 35க்கு மேல, இதெல்லாம் பெரிய முள் டைப்பே போதும், ரெண்டு மூணு கூடக் குறைய இருந்தாலும் எதுவும் உடையாது.

என் தேர்வு என்னன்னா கார்பன் ஃபைபர் பாகம் எங்கயாவது இருந்தா சின்ன கிளிக் டைப் முதல்ல, முள் வச்சது அப்புறம். கார்பனே இல்லாத, ஆபீஸ் போயிட்டு வர்ற சைக்கிளுக்கு முள் ஒண்ணே போதும்.

எது வாங்குனாலும் ஸ்டெம்ல நாலு போல்ட்டையும் ஒண்ணு ஒண்ணா 5க்கு ஏத்தாதீங்க, எதிரெதிர் மூலையா முதல்ல 2, அப்புறம் 4, கடைசியா 5, நடுநடுவுல மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா இருக்கான்னு நகத்தை விட்டுப் பாருங்க.