சாவிக்கொத்துக் கத்தி: உப்புக் காற்றில் எது நிற்கும்?

சாவிக்கொத்தில் தொங்கும் சுண்டுவிரல் நீளக் கத்திக்கு ஏழாயிரம், எட்டாயிரம் என்று விலை சொன்னால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். என் மச்சினன் வாய்விட்டே சிரித்தான். “இந்தப் பிச்சாத்திய வச்சி என்னத்த வெட்டப் போறீங்க அத்தான்? ஒரு சாளைய நறுக்க முடியுமா?” குளச்சலில் படகுக்குப் போகிறவனுக்குக் கத்தி என்றால் முழ நீளம் இருக்க வேண்டும். நான் வெட்டுவதெல்லாம் பார்சல் டேப், அரிசி மூட்டையின் தையல் நூல், தோவாளையிலிருந்து வரும் பூப்பொட்டலத்தின் வாழைநார், சட்டையில் துருத்தும் இழை, மத்தியானம் ஒரு மாங்காய். இதற்கு இரண்டு அங்குல பிளேடே தாராளம்.

வாங்குவதற்கு முன் நான்கை எடைபோட்டுப் பார்த்தேன். முதலாவது எல்லோருக்கும் தெரிந்த சிவப்பு விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்டி. மடக்கினால் 58 மில்லிமீட்டர். பிளேடு, கத்தரிக்கோல், ஸ்குரூடிரைவர் முனையோடு நக அராவி, சிமிட்டா, பல்குச்சி என்று ஒரு குடும்பமே உள்ளே இருக்கும். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் கோடாலித் தைலத்தோடு வந்து இறங்கும் சாமான் இது. இரண்டாவது அதன் அலுமினியத் தம்பி, கிளாசிக் அலாக்ஸ். சிமிட்டாவும் பல்குச்சியும் கிடையாது, அதற்குப் பதில் இன்னும் மெலிசு. மூன்றாவது டைட்டானியம் கைப்பிடியும் எம்390 போன்ற உயர்ரக எஃகு பிளேடும் கொண்ட ஒற்றை பிளேடுக் கத்தி. பல கம்பெனிகள் இந்த வகையில் செய்கின்றன. நான்காவது கடலுக்கென்றே செய்யப்படும் ஸ்பைடர்கோ லேடிபக் சால்ட்.

நான் மூன்றாவது வகையை வாங்கினேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான், மறைக்கவில்லை.

வெட்டுவதில் பெரிய வித்தியாசம் கிடையாது. புதிதாக இருக்கும்போது நான்குமே காகிதத்தைச் சத்தமில்லாமல் கீறும். எடையும் ஒரு பொருட்டில்லை.

கைப்பிடியில்தான் முதலில் மயங்கினேன். பெரிய கத்தி சமையலறையில் கிடக்கும், இதுவோ நாள் முழுக்கக் கையில் படும். வண்டிச் சாவியைத் துழாவும்போதும், டீ ஆறக் காத்திருக்கும்போதும் விரல் தானாக அதைத் தேடிப் போகும். டைட்டானியம் எஃகைவிட மெதுவாகத்தான் சூட்டை உறிஞ்சும், அதனால் தொட்டவுடன் சில்லென்று இருக்காது. எடை எஃகில் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். பெரும்பாலும் கிரேடு 5 என்ற கலவையைத்தான் போடுகிறார்கள்: 6 சதவீதம் அலுமினியம், 4 சதவீதம் வனேடியம், மீதி டைட்டானியம். கைப்பிடியில் கீறல் விழும், சாவிகளோடு கிடந்தால் சீக்கிரமே விழும். எனக்கு அந்தக் கீறல்கள் பிடித்திருக்கின்றன. பளபளப்பு வேண்டுமென்பவர்களுக்குப் பிடிக்காது.

மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலில் நடந்து பழகியவர்களுக்கு இதில் தனி ருசி ஒன்றும் உண்டு. அந்தக் கறுப்புக்கு முக்கியக் காரணம் இல்மனைட், இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. அங்குள்ள ஐஆர்இஎல் என்ற மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை மோனசைட், சிர்க்கான், கார்னெட் ஆகிய தாதுக்களோடு இதையும் மணலிலிருந்து பிரித்தெடுக்கிறது. உலகத்தில் இந்தத் தாதுவின் பெரும்பங்கு வெள்ளைப் பெயிண்டுக்கான நிறமியாகத்தான் போகிறது, உலோகமாவது கொஞ்சமே. குளோரினோடு வினைபுரிய வைத்து டெட்ராகுளோரைடாக்கி, அப்புறம் மக்னீசியத்தைக் கொண்டு உலோகத்தைப் பிரிக்க வேண்டும். காசு அங்கேதான் ஏறுகிறது. தாது மலிவு, வேலை அதிகம்.

சரி, துருவுக்கு வருவோம். என் முடிவைத் தீர்மானித்தது இதுதான்.

உள்நாட்டுக் குலசேகரத்தில் ஓடும் வண்டியையும் கடலோர முட்டத்தில் ஓடும் அதே வயது வண்டியையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். சைலன்சரும் ஸ்போக்கும் கதை சொல்லும். அந்தக் காற்றில்தான் நம் சாவிக்கொத்தும் தொங்குகிறது. அது போதாதென்று பாக்கெட்டுக்குள் வியர்வை வேறு, அதிலும் உப்பு. ஸ்டெயின்லெஸ் என்று எழுதியிருப்பதால் துருவே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். அந்த எஃகில் கலந்திருக்கும் குரோமியம் காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய தோல் ஒன்றைக் கட்டும். அந்தத் தோல்தான் காவல். உப்பிலுள்ள குளோரைடு அதில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை போடும். திறந்த இடமாக இருந்தால் தோல் திரும்பக் கட்டிக்கொள்ளும். இடுக்குக்குள் ஆக்சிஜன் போதாது, அங்கே கட்டாது. அதனால் சின்னக் கத்தியில் துரு தொடங்குவது நாம் பார்க்கும் பிளேடில் அல்ல. பிளேடு திரும்பும் அச்சு, பின்புற வில், ஸ்குரூவின் தலை இவற்றில்தான் தொடங்கும். பஞ்சும் வியர்வையும் மணலும் சேர்ந்து அங்கே ஒரு ஈரப் பொதி உருவாகிவிடும்.

இப்போது குரோமியக் கணக்கைப் பாருங்கள். எம்390-இல் சுமார் 20 சதவீதம், உயர்ரகத்திலேயே இன்னொரு பிரபலமான எஸ்35விஎன்-இல் சுமார் 14. கிளாசிக் பிளேடிலும் கிட்டத்தட்ட அந்த 14, 15தான். ஆனால் குரோமியம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எஃகிலுள்ள கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்து கார்பைடாக்கிக்கொள்ளும், மிஞ்சியதுதான் காவலுக்கு நிற்கும். கிளாசிக்கில் கார்பன் அரை சதவீதம் அளவுதான், அதனால் குரோமியத்தில் பெரும்பங்கு சும்மா இருக்கிறது. விலை குறைவாக இருந்தும் அந்த பிளேடு துருவை நன்றாகவே தாங்குவதன் ரகசியம் இது. எம்390-இல் கார்பன் 1.9 சதவீதம், ஆனாலும் 20 சதவீத குரோமியமும், கார்பனில் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும் 4 சதவீத வனேடியமும் இருப்பதால் ஈடுகொடுக்கிறது. ஆக, உயர்ரக எஃகு என்ற சொல்லை மட்டும் நம்பிக் கடலோரத்தில் காசு போடாதீர்கள். எந்த எஃகு என்று கேளுங்கள். சில உயர்ரக எஃகுகள் கூர்மைக்காகச் செய்யப்பட்டவை, உப்பைக் கண்டால் முகம் சுளிக்கும்.

பிளேடைவிட எனக்கு முக்கியமாகப்பட்டது உடம்பு. கிளாசிக் போன்ற பழைய வடிவமைப்பில் அலுமினியத் தகடு, பித்தளை ரிவெட், எஃகு வில் மூன்றும் ஒட்டி நிற்கும். உப்பு ஈரம் நடுவில் புகுந்தால் அலுமினியம்தான் முதலில் அரிபடும், வெள்ளைப் பொடியாக. டைட்டானியத்துக்கு அந்தக் கவலை கிடையாது. கடல்நீரிலேயே கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டைட்டானியத்தோடு சாதா எஃகு ஸ்குரூவைப் போட்டால், உப்பு ஈரத்தில் அந்த ஸ்குரூ தனியாக இருப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இதற்கு முன் வைத்திருந்த ஒரு கத்தியில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். கைப்பிடி புதுசு மாதிரி, ஸ்குரூ தலையைச் சுற்றி மட்டும் தேயிலைச் சாயம் ஊறியது போலப் பழுப்பு வளையம். ஸ்குரூ திருப்பியைப் போட்டால் தலை மழுங்கிக்கொண்டு வந்தது. இப்போது வைத்திருப்பதில் ஸ்குரூக்களும் டைட்டானியம், அச்சில் வெண்கல வாஷர்.

பராமரிப்பு என்று பார்த்தால், டைட்டானியக் கத்தியை ஒரே ஒரு திருப்பியால் கழற்றிவிடலாம். நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, அச்சில் தையல் மிஷின் ஆயில் ஒரு சொட்டு விட்டால் வேலை முடிந்தது. நம் ஊரில் எதற்கும் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலைத்தான் எடுப்போம்; இதற்கு வேண்டாம், தூசியை இழுத்துப் பிசுபிசுக்கும். கிளாசிக்கை ரிவெட் அடித்து மூடியிருப்பதால் கழற்ற முடியாது. வெந்நீரில் திறந்து மூடி அலசி, நன்றாகக் காயவிட்டு எண்ணெய் விடலாம். அதுவும் போதும்தான், ஆனால் உள்ளே என்ன தங்கியிருக்கிறது என்று பார்க்க வழியில்லை.

தீட்டுவதில் கிளாசிக் ஜெயிக்கும். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பூச்சில்லாத சொரசொரப்பு வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும். எம்390-க்கு அது நடக்காது. வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினம், வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். இவ்வளவு மெல்லிய பிளேடு அந்தச் சக்கரத்தில் நொடியில் சூடேறிப் பதம் போய்விடும். ஆனால் அடிக்கடி தீட்டவும் வேண்டியிருக்காது. வாங்கியதிலிருந்து நான் லேசாகத்தான் தீட்டியிருக்கிறேன். நாலைந்து வருஷம் போனால் எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு இன்னும் பழகவில்லை.

கத்தரிக்கோலை இழந்தது உண்மையான நஷ்டம். 58 மில்லிமீட்டர் கத்தியில் ஆக உபயோகமான பாகம் அதுதான் என்று சத்தியம் செய்வேன். நகம் வெட்ட, மாத்திரைப் பட்டையைத் துண்டு பண்ண, பிள்ளைகளின் நோட்டு அட்டையை நறுக்க, இன்னும் கை தன்னால் அதைத் தேடுகிறது. வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் அலாக்ஸ் வாங்குங்கள்.

லேடிபக் சால்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பழக்கம் போதாது, ஒருவரிடம் வாங்கிச் சில நாள் வைத்துப் பார்த்ததோடு சரி. நான் பார்த்ததில் இருந்தது எச்1 என்ற எஃகு; அதில் கார்பன் மிகக் குறைவு, துரு அண்டாது. பிளாஸ்டிக் கைப்பிடி, மஞ்சள் நிறம், தண்ணீரில் விழுந்தாலும் கண்ணில் படும். அந்தச் சில நாளில் கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்குவதாகத் தோன்றியது. படகில் போகிறவர்களுக்கு இதுதான் என்பேன். சாவிக்கொத்தில் வைத்துத் தடவிப் பார்க்கிற சுகம் மட்டும் இதில் இல்லை.

விலை ஏறினால் பயமும் ஏறும். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கைப்பையில் கத்தியோடு நின்றால், எவ்வளவு சின்னதானாலும் விடமாட்டார்கள். கிளாசிக் என்றால் தட்டில் போட்டுவிட்டுப் பெருமூச்சோடு நடந்துவிடலாம். எட்டாயிரம் ரூபாயை அப்படி விட முடியாது. கிளம்புமுன் செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். திரும்ப விற்கலாம் என்ற எண்ணத்தில் வாங்க நினைத்தால் மறந்துவிடுங்கள், நாகர்கோவிலில் இதைப் பழைய விலைக்குக் கேட்க ஆள் கிடையாது.

இவ்வளவு கேட்டும் டைட்டானியம்தான் வேண்டும் என்றால், பணம் கொடுக்குமுன் மூன்று விஷயம் விசாரியுங்கள்: பிளேடு என்ன எஃகு, ஸ்குரூ என்ன உலோகம், அச்சு கழலுமா. ஆன்லைனில் பாதி விலைக்கு எம்390 என்று பொறித்து வருவதை நம்ப வேண்டாம், பொறிக்க யாருக்கும் முடியும். அப்புறம் கத்தியோடு வரும் சாவி வளையத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல ஸ்டெயின்லெஸ் வளையம் ஒன்று வாங்கி மாட்டுங்கள். முதலில் துருப்பிடிப்பது பெரும்பாலும் அதுதான்.