பழைய லைஃப் ஜாக்கெட் வாங்கியவர்கள் இன்றைக்கே சிலிண்டரைக் கழற்றிப் பாருங்கள்

லண்டனிலிருந்து கென்ட் கடலோரத்துக்கு இரவு மீன்பிடிக்கப் போகிறவர்களில் நம் ஆட்கள் இப்போது நிறைய. ராம்ஸ்கேட், டோவர், ஃபோக்ஸ்டன் பக்கம் எந்தத் துறைமுகச் சுவரில் போய் நின்றாலும் நாலு பேர் தமிழில் பேசுவது காதில் விழுகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இணையத்தில் ஒருவரிடம் பழைய லைஃப் ஜாக்கெட் வாங்கி ஏமாந்தேன். போனது 90 பவுண்டு. அந்தப் பணத்துக்காக நான் இவ்வளவு எழுத மாட்டேன். அதில் ஒரு ஜாக்கெட்டை என் மகள் போட்டிருந்தாள்.

நான் தூத்துக்குடிக்காரன். சின்ன வயதில் தங்கூசி நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்து பழகியவன். இங்கே வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. போன வருடம்தான் திரும்ப ஆரம்பித்தேன். அக்டோபர் கடைசியில் கடிகாரத்தைப் பின்னால் நகர்த்தியதும் பொழுது சட்டென்று சுருங்கிவிடும். நவம்பர் கடைசியில் மாலை 4 மணிக்கே இருட்டு. ஆனால் மீனுக்கு அதுதான் காலம். கோடையில் ஆழத்தில் இருக்கும் வைட்டிங் குளிர் தொடங்கியதும் கரைப்பக்கம் வரும். இருட்டிய பிறகு, ஏற்றத்தின் உச்சத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் விடாமல் கொத்தும். ஊரில் நம் கிழங்கானுக்கும் ஆங்கிலத்தில் வைட்டிங் என்றுதான் சொல்வார்கள். இது அதுவல்ல, காட் மீனின் சொந்தம். பெரிய காட் முன்னைப்போல் கிடைப்பதில்லை என்று பழைய ஆட்கள் வருத்தப்படுகிறார்கள். சுவரோரம் பாறை இடுக்கில் கொங்கர் விலாங்கு இருக்கும். இங்கிலாந்தில் கடலில் தூண்டில் போட லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் சில துறைமுகங்களிலும் பாலங்களிலும் தனி அனுமதியும் கட்டணமும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். வைட்டிங் 27 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் திரும்ப விட்டுவிட வேண்டும். காட் மீனுக்கு 35, பாஸ் மீனுக்கு 42.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தூத்துக்குடியில் கடல் ஒரு நாளில் ஒரு மீட்டர்கூட ஏறி இறங்காது. டோவரில் பெரிய ஏற்றவற்ற நாட்களில் அது சுமார் 6 மீட்டர். மாலையில் கால் நனைகிற உயரத்தில் இருந்த தண்ணீர் நடு இரவில் இரண்டு மாடி ஆழத்தில் கிடக்கும். இடையில் இருப்பது பாசி பிடித்த சுவர், தூரத்தில் எங்கோ ஓர் இரும்பு ஏணி. நவம்பர் கடைசியில் தண்ணீரின் சூடு 12, 13 டிகிரிதான். நம் கடல் 28 டிகிரியில் இருக்கும். நன்றாக நீந்தத் தெரியும் என்று சொல்கிற நம்மவர்கள் அந்த 28 டிகிரியில் கற்றுக்கொண்ட நீச்சலைத்தான் சொல்கிறார்கள். 15 டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் திடீரென்று விழுந்தால் உடம்பு தானாகவே பெரிய மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நேரம் வாய் தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே முடியாது. அதைத் தாண்டினாலும் பத்து நிமிடம் போல ஆனதும் கை கால் விறைத்து, ஏணிக்கம்பியைக்கூடப் பிடிக்க முடியாமல் போகும். அதனால்தான் சுவரில் நிற்பவன் லைஃப் ஜாக்கெட் போடுகிறான். தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் ஒரு மாத்திரை கரைந்து, ஓர் ஊசி சின்ன வாயு சிலிண்டரின் மூடியைக் குத்தித் திறக்கும். ஜாக்கெட் அதுவே ஊதிக்கொண்டு, மயங்கிக் கிடந்தாலும் முகத்தை மேலே திருப்பிப் பிடிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துதான் வாங்கினேன். புதிது வாங்காமல் பழையது தேடினேன், அதுதான் பிழை. ஒருவர் தூண்டில் கோல், முக்காலி, ரீல் என்று நிறையப் பொருள் விற்பனைக்குப் போட்டிருந்தார். "வீட்டில் சும்மா கிடக்கிறது, இந்த சீசனுக்கு சர்வீஸ் செய்தாகிவிட்டது" என்று இரண்டு தானியங்கி ஜாக்கெட்டுகளும் இருந்தன. 150 நியூட்டன் ரகம், அதாவது 15 கிலோ அளவுக்குத் தூக்கிப் பிடிக்கும். ஒன்று 45 பவுண்டு. நேரில் போய்ப் பார்த்தேன். பேச்சு தன்மையாக இருந்தது. கழுத்துப்பட்டையைத் திறந்து காட்டி, "பாருங்கள், பச்சை தெரிகிறதா? பச்சை என்றால் தயார்" என்றார். உள்பக்கம் நீல நிறத்தில் ஒரு சர்வீஸ் ஸ்டிக்கர், அதில் பேனாவால் எழுதிய அக்டோபர் தேதி. கார்டு வேண்டாம், வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள் என்றார். அனுப்பினேன். கூடவே ஒரு பொட்டலம் லக் புழுவும் வாங்கினேன். வீட்டுக்கு வந்து செய்தித்தாளைப் பிரித்தால் புழு கூழாகிக் கிடந்தது, ஒரு முறை உறைந்து உருகியதை மறுபடி உறைய வைத்திருக்கிறார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். புழு கெட்டால் மீன் கொத்தாது, அவ்வளவுதானே என்று விட்டுவிட்டேன்.

அந்த ஜாக்கெட்டுகளைப் போட்டுக்கொண்டு நானும் மகளும் இரண்டு சனிக்கிழமை போய் வந்தோம். அவளுக்கு 14 வயது. இந்தப் பெரியவர்கள் ஜாக்கெட் பெரும்பாலும் 40 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்கானது. அவள் அதைத் தாண்டிவிட்டாள் என்று அதைக்கூடப் பார்த்துத்தான் மாட்டிவிட்டேன். கால் நடுவே வருகிற பட்டையையும் இறுக்கிவிட்டேன். அது இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே ஏறித் தலையைத் தாண்டிக் கழன்றுவிடும். இவ்வளவு கவனமாக இருந்தவன் சிலிண்டரை மட்டும் தொட்டே பார்க்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமை, நவம்பர் கடைசி. கொண்டல் காற்று, சுவரின் வெளிப்பக்கம் அலை அடித்துச் சாரல் மேலே வந்துகொண்டிருந்தது. நாங்கள் உள்பக்கம் தள்ளி நின்றோம். பக்கத்தில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். முப்பது வருடமாக இந்தக் கடலில் தூண்டில் போடுகிறவர். மகளுக்கு ஒரு நல்ல வைட்டிங் மாட்டியது. அவள் அதைத் தூக்கக் குனிந்தபோது தலைவிளக்கு வெளிச்சத்தில் அவர் அந்த ஜாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, பிள்ளையின்ட உந்த ஜாக்கெட்டை எப்ப கடைசியாத் திறந்து பாத்தனீர்?"

"போன மாசம்தான் சர்வீஸ் பண்ணியிருக்கு அண்ணா. உள்ளே ஸ்டிக்கர் இருக்கு."

"ஸ்டிக்கர் ஆரும் ஒட்டலாம். உது மடிச்ச விதம் சரியில்லை. கழட்டும், பாப்பம்."

சுவரை விட்டு உள்ளே வந்து, வண்டி வெளிச்சத்தில் வைத்து அவரே திறந்தார். பச்சை தெரிந்தது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. சிலிண்டரைக் கையால் திருகி வெளியே எடுத்து, கழுத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மூடியின் நடுவில் ஓட்டை. ஊசி குத்தின ஓட்டை. எப்போதோ ஒரு முறை ஊதிவிட்ட ஜாக்கெட் அது. காலி சிலிண்டரையே திரும்பத் திருகி, புது மாத்திரையும் புது பச்சை கிளிப்பும் மட்டும் போட்டு மடித்திருக்கிறார்கள். என் ஜாக்கெட்டையும் திறந்தார். அதில் சிலிண்டர் நிறைந்திருந்தது, ஆனால் இரண்டு சுற்று தளர்ந்து நின்றது. மாத்திரையின் காலாவதி 2022. அந்த ஆண்டு தெரியாதபடி அதன்மேல்தான் நீல ஸ்டிக்கரை ஒட்டியிருந்தார்கள்.

மகள் அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. அந்த அண்ணன் தன் வண்டியிலிருந்து இன்னொரு ஜாக்கெட்டை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டார். "இனி இதைப் போடும் பிள்ளை" என்றார். நான் மறுபடி தூண்டில் போடவில்லை, சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வீட்டில் சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன். மகள் போட்டிருந்த சிலிண்டரின் உடம்பில் மொத்த எடை 145 கிராம் என்று பொறித்திருக்கிறது. தராசு காட்டியது 112. குறைவது சரியாக 33 கிராம் கரியமில வாயு. இந்த ரக ஜாக்கெட்டை ஊதுவதே அந்த 33 கிராம்தான்.

பச்சையைப் பற்றி அந்த அண்ணன் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு இது தெரியாமல்தான் ஏமாந்தேன். பல ரகங்களில் பச்சை காட்டுவது மாத்திரை இன்னும் கரையவில்லை, கையால் ஊத வைக்கும் கைப்பிடியை யாரும் இழுக்கவில்லை என்பதை மட்டும்தான். சிலிண்டரில் வாயு இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே சிலிண்டரைக் கழற்றி, கழுத்தில் ஓட்டை இருக்கிறதா, துரு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். தராசில் வைத்துப் பொறித்த எடையோடு ஒப்பிட வேண்டும். திரும்பப் போடும்போது கை இறுக்கமாகத் திருக வேண்டும். போட்டு நடமாடும்போது அது தானே தளரக்கூடும் என்பதால் ஒவ்வொரு முறை போடும் முன்னும் தொட்டுப் பார்க்க வேண்டும். மாத்திரையில் தேதி இருக்கும், அதை மறைத்து எது ஒட்டியிருந்தாலும் உரித்துவிடுங்கள். பிறகு வாயால் ஊதும் குழாய் வழியாக முழுக்க ஊதி, ஓர் இரவு அப்படியே வையுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் பையில் கசிவு இருக்கிறது, அந்த ஜாக்கெட் வேண்டாம். மற்றபடி நன்றாக இருந்தால் சிலிண்டரும் மாத்திரையும் அடங்கிய புது செட் கிடைக்கும், ஆனால் உங்கள் ஜாக்கெட்டின் ரகத்துக்கு உரியதையே வாங்க வேண்டும்.

படகு வலிக்கிறவர்கள் போடும் 50 நியூட்டன் நுரைச் சட்டையையும் சிலர் லைஃப் ஜாக்கெட் என்று சொல்லி விற்கிறார்கள். அது நினைவோடு இருப்பவரை மிதக்க வைக்கும், மயங்கியவரின் முகத்தைத் திருப்பாது. இருட்டில் உயரச் சுவரில் நிற்பவருக்கு அது போதாது.

விற்றவருக்கு ஓட்டையைப் படம் எடுத்து அனுப்பினேன். "பச்சை இருந்ததே, வாங்கும்போது பார்த்தீர்களே" என்று ஒரு பதில். அதில் என் மகள் இருந்தாள் என்று எழுதினேன். அதற்குப் பிறகு என்னைத் தடை செய்துவிட்டார். வங்கியில் கேட்டால், பொருள் கைக்கு வந்துவிட்டது, இது வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்று சொல்லிவிட்டார்கள். கார்டில் கொடுத்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழியாவது இருந்திருக்கும். கடையிலோ வியாபாரியிடமோ வாங்கினால் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். தனி ஆளிடம் வாங்கினால் அந்த உரிமை கிடையாது. அவர் சொன்ன விவரம் பொய்யென்று காட்டிச் சண்டை போட வேண்டும். ஆனால் வியாபாரமாகச் செய்துகொண்டே தனி ஆள் போல நடிப்பதைச் சட்டம் தடுக்கிறது. என்னிடம் விற்றவர் ஐம்பது பொருளுக்கு மேல் போட்டிருந்தார், அது வீட்டில் சும்மா கிடந்த சாமான் இல்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண்ணில் எல்லாவற்றையும் சொல்லிப் பதிவு செய்திருக்கிறேன். அவர்கள் அதை வியாபார முறைகேடுகளை விசாரிக்கும் ட்ரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்கு அனுப்புவார்கள். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் நீங்களும் பதியுங்கள். ஒருவர் சொன்னால் தகராறு என்பார்கள், பத்துப் பேர் சொன்னால் பார்க்காமல் இருக்க முடியாது.

யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். 999 அடித்து கோஸ்ட்கார்ட் என்று கேளுங்கள், மிதக்கிற எதையாவது தூக்கிப் போடுங்கள். விழுந்தவர் முதலில் நீந்தப் பார்க்கக்கூடாது: தலையைப் பின்னால் சாய்த்து, காது தண்ணீருக்குள் போகும்படி மல்லாந்து மிதந்து மூச்சு அடங்கும்வரை காத்திருக்கச் சொல்லிக் கத்துங்கள். 1824-லிருந்து கடலில் உயிர் காத்துவரும் ஆர்.என்.எல்.ஐ. என்ற உயிர்காப்புப் படகு அமைப்பின் தன்னார்வலர்கள் சொல்லிக் கொடுப்பது இதுதான்.

நேற்று இரவு நண்பரின் கணக்கிலிருந்து தேடிப் பார்த்தேன். அதே ஆள் இன்னும் நாலு ஜாக்கெட் போட்டிருக்கிறார், விலை 40. படத்தில் அதே நீல ஸ்டிக்கர், பேனாவால் எழுதிய தேதி. அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பிவிட்டேன், இதை எழுதும்வரை விளம்பரம் எடுக்கப்படவில்லை. இந்த சீசனில் கென்ட் பக்கம் யாரிடமாவது அப்படி நீல ஸ்டிக்கர் ஒட்டிய ஜாக்கெட் வாங்கியிருந்தால், அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருக்காமல் இப்போதே எடுத்துச் சிலிண்டரைத் திருகிக் கழற்றி அதன் கழுத்தைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் கீழே எழுதுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன்.