மருத்துவரும் மருத்துவச்சியும்: லிசா சீயின் இரண்டு நாவல்களில் பெண் நட்பு

பேரரசுக் காலச் சீனத்துப் பெண்களின் நட்பைப் பற்றி ஒரு வரலாற்று நாவலைத் தேடிச் செல்கிறவரின் கைக்கு முதலில் வந்து சேர்பவை, பெரும்பாலும் அமெரிக்க எழுத்தாளர் லிசா சீயின் இரண்டு நூல்களாகவே இருக்கும். 2005இல் வந்த ‘ஸ்நோ ஃப்ளவர் அண்ட் த சீக்ரெட் ஃபேன்’ ஒன்று; 2023இல் வந்த ‘லேடி டான்ஸ் சர்க்கிள் ஆஃப் விமன்’ மற்றொன்று. முன்னதை விசிறி நாவல் என்றும் பின்னதை டான் நாவல் என்றும் இங்கே சுருக்கிக்கொள்கிறேன். இரண்டிலும் சிறுவயதிலேயே வளரவிடாமல் இறுகக் கட்டப்பட்ட பாதங்கள் உண்டு, கெடுபிடியான புகுந்த வீடு உண்டு, சிறுவயதிலேயே வாய்த்த உயிர்த்தோழியும் உண்டு. ஆகவே ஒன்றைப் படித்தால் போதும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் நட்பு என்பதை இரண்டும் வெவ்வேறு இடங்களில் நின்று பார்க்கின்றன. (கதைத் திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது.)

டான் நாவலின் பலம், அதன் நாயகி கற்பனையில் பிறந்தவள் அல்லள் என்பதில் தொடங்குகிறது. டான் யுன்ஷியான் 1461இல் பிறந்தவர். மிங் அரச மரபின் காலத்தில் வூஷி நகரில் வாழ்ந்து, தொண்ணூறு வயதைக் கடந்த மருத்துவர். மருத்துவத்தை அவருக்குக் கற்பித்தவர் தந்தைவழிப் பாட்டியான ரூ. ஐம்பது வயதையொட்டி, தாம் பார்த்த நோயாளிகளில் முப்பத்தொரு பேரைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து 1511இல் ஒரு சிறு நூலாக வெளியிட்டார். அச்சுக்காக அதைப் படியெடுத்துத் தந்தவர் அவருடைய மகன். அந்த நூலின் நோயாளிகள் அனைவரும் பெண்கள். பெரிய வீட்டுப் பெண்கள் மட்டுமல்லாமல், சூளைத் தொழில் செய்யும் குடும்பத்துப் பெண்ணும் அதில் வருகிறாள் என்பது, மருத்துவரின் வாசல் யாருக்கெல்லாம் திறந்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

1469இல், எட்டு வயதுச் சிறுமி தன் தாயைப் பறிகொடுக்கும் காட்சிகளோடு கதை தொடங்குகிறது. கட்டிய பாதத்தில் ஏற்பட்ட சீழே தாயின் உயிரைப் பறிக்கிறது. ஆண் மருத்துவர் நோயாளியைத் தொட்டுப் பார்க்கவும் கூச்சமின்றிக் கேள்வி கேட்கவும் வழியில்லாத ஒழுங்கு அதற்குத் துணைபோகிறது. பார்த்தல், கேட்டும் முகர்ந்தும் அறிதல், வினவுதல், நாடி பிடித்தல் என்ற நான்கும் சேர்ந்ததே சீன மருத்துவத்தின் நோயறியும் முறை. திரைக்கு அப்பால் இருக்கும் பெண்ணிடம் இவற்றில் பாதி அற்றுப்போகிறது. பத்து ஆண்களுக்கு வைத்தியம் பார்த்தாலும் பார்க்கலாம், ஒரு பெண்ணுக்குப் பார்ப்பது கடினம் என்று அந்நாட்டு மருத்துவர்கள் சொல்லிவந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பெண் மருத்துவரின் தேவை எங்கிருந்து எழுந்தது என்பதை வாதமாகச் சொல்லாமல் ஒரு சாவின் மூலமே உணர்த்திவிடும் இந்தத் தொடக்கத்தை, நூலின் மிகச் சிறந்த பகுதி என்பேன்.

தமிழ் வாசகர் சற்று நின்று கவனிக்க வேண்டிய இடம் அடுத்து வருகிறது. நம் மொழியில் ‘மருத்துவச்சி’ என்றால் பேறு பார்ப்பவள். சொல்லின் வேரோ மருத்துவத்தில் இருக்கிறது. இரண்டு வேலைகளும் அடுத்தடுத்த திண்ணையில் இருப்பவை என்ற எண்ணம் நமக்கு எளிதில் வந்துவிடும். மிங் காலச் சீனத்தில் அப்படியில்லை. படித்த குடும்பத்துப் பெண் மருத்துவர் நாடி பிடிப்பார், மூலிகைக் கலவை எழுதித் தருவார். பேற்றின் குருதியில் கை வைக்கமாட்டார். அது மருத்துவச்சியின் வேலை. ‘மூன்று அத்தைகள், ஆறு கிழவிகள்’ என்று ஒரு பழைய வசைத்தொடர் உண்டு: துறவினிகள், குறி சொல்பவள், தரகுக்காரி, மணத்தரகி, மருந்து விற்பவள் ஆகியோரோடு மருத்துவச்சியையும் ஒரே கூடையில் போட்டு, இவர்களை வீட்டுப் பக்கம் அண்டவிடாதீர்கள் என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே ஒரு கற்றறிந்தவர் எச்சரித்திருக்கிறார். பெண்ணின் பிணத்தைச் சோதிக்க வேண்டிவந்தால் அதிகாரிகள் அழைத்ததும் இதே மருத்துவச்சியைத்தான். பிறப்பு, இறப்பு இரண்டின் தீட்டும் அவள் தலையில்.

டான் நாவலில் யுன்ஷியானின் தோழியாக வரும் மெய்லிங் ஒரு மருத்துவச்சியின் மகள். பாட்டியே இந்த நட்புக்கு வழிவிடுகிறார். புகுந்த வீட்டில் மாமியாரோ தோழியையும் தடுக்கிறார், மருத்துவத்தையும் தடுக்கிறார்.

விசிறி நாவலின் களம் முற்றிலும் வேறு: பத்தொன்பதாம் நூற்றாண்டு, ஹுனான் மாநிலத்தின் தென்கோடியில் இன்று ஜியாங்யோங் எனப்படும் மலைப்பகுதி, உழவர் வீடுகள். மருத்துவம் இங்கே ஓரத்தில்தான் நிற்கிறது. இதன் உயிர்நாடி நூஷு எனும் பெண் எழுத்து. வட்டார வழக்கின் ஒலிகளை எழுதப் பெண்கள் பயன்படுத்திய, சில நூறு குறிகள் கொண்ட எழுத்து அது. திருமணமான மூன்றாம் நாள் மணமகளுக்குத் தோழியரும் உறவுப் பெண்களும் அனுப்பும் துணியட்டை போட்ட சிறு நூல்கள் அதில்தான் எழுதப்பட்டன. வெளியுலக ஆய்வாளர்கள் அதைத் தீவிரமாகக் கவனிக்கத் தொடங்கியது 1980களில்தான். ஏழு வயதிலேயே, கதை சொல்லும் லில்லிக்கும் தலைப்பில் வரும் ஸ்நோ ஃப்ளவரான பனிமலருக்கும் தரகி ஒருத்தி ‘லாவ்தோங்’ என்ற வாழ்நாள் தோழமையை, கல்யாணப் பேச்சு நடத்துவதுபோலவே பேசி முடிக்கிறாள். இருவரும் ஒரே விசிறியின் மடிப்புகளில் மாறி மாறி எழுதிக்கொள்கிறார்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது ஓர் ஒற்றுமை கண்ணில் பட்டது. இரு நாவல்களிலும் தோழி நிற்பது குருதியின் பக்கம். மெய்லிங் மருத்துவச்சி; பனிமலர் வாழ்க்கைப்பட்டுப் போவது கசாப்புத் தொழில் செய்பவன் வீட்டுக்கு. வேறுபாடு என்னவென்றால், மெய்லிங் அந்தப் பக்கத்திலேயே பிறந்தவள். அவளுக்கும் யுன்ஷியானுக்கும் நடுவே உள்ள கோடு முதல் நாளிலிருந்தே இருவருக்கும் தெரியும். பனிமலரோ உயர்ந்த குடும்பத்தவளாக அறிமுகமாகி, தந்தையின் அபினிப் பழக்கம் வீட்டை உள்ளுக்குள் அரித்துவிட்டதை மறைத்து, மெல்ல அங்கே சரிந்து விழுகிறாள்; அதே நேரத்தில் ஏழை வீட்டு லில்லி ஊரின் முதல் குடும்பத்துக்கு மருமகளாக ஏறுகிறாள். அதனால் விசிறி நாவலில் கோடு நட்பின் நடுவே, கண்ணெதிரில் வரையப்படுகிறது. லில்லியின் அன்பில் பெருமிதமும், பிறகு இரக்கமும், பிறகு அதிகாரமும் கலந்துகொண்டே போவதை எண்பது வயதில் அவளே கணக்குப் பார்த்துச் சொல்கிறாள். ஒரு கடிதத்தைத் தவறாகப் படித்ததே பிரிவுக்குக் காரணமாகிறது. பெண்களின் பெருமைக்குரிய எழுத்தே அவர்களைக் கைவிடும் அந்த இடத்துக்கு ஈடான ஒன்று டான் நாவலில் இல்லை.

டான் நாவலிலும் நட்பில் விரிசல் வருகிறது, துரோகத்தின் நிழலும் படிகிறது. ஆனால் ஆசிரியர் அதைப் பேரரசியின் பேறுகாலம், அரண்மனைப் பயணம், மர்மச் சாவு, பிண விசாரணை என்ற சம்பவங்களின் கையில் ஒப்படைத்துவிடுகிறார். முடிச்சு அவிழும்போது நட்பும் தானாகச் சீராகிவிடுகிறது. முப்பத்தொரு நோயாளிகளின் வாழ்வே போதுமான கதையாக இருக்கையில் அரண்மனை எதற்கு என்று எனக்குத் தோன்றியது. மருத்துவ விவரங்களை உரையாடலில் புகுத்தும்போது பாட்டியும் பேத்தியும் சில பக்கங்களில் பாடப் புத்தகம்போலப் பேசுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், வேறு நாவலில் எளிதில் கிடைக்காத செய்தி அது.

பெண் மருத்துவம், அதன் படிநிலைகள், பெண்கள் வாழ்ந்த உள்ளறையின் அன்றாடம் ஆகியவற்றை அறிய விரும்புகிறவர் டான் நாவலையே எடுக்க வேண்டும். நட்பையே முதன்மையாகத் தேடுகிறவருக்கு விசிறி நாவல். அதன் 2011ஆம் ஆண்டுத் திரைப்படம் தற்கால ஷாங்காய்க் கதை ஒன்றைச் சேர்த்துக்கொண்டதால் நூலுக்கு மாற்றாகாது. இரண்டையும் படிக்க நேரமுள்ளவர் விசிறியில் தொடங்கி, டானுக்கு வந்து, பிறகு ஆங்கிலத்தில் கிடைக்கும் அந்த 1511ஆம் ஆண்டுக் குறிப்பேட்டையும் புரட்டிப் பார்க்கலாம். பாட்டி ரூ அதன் முன்னுரையிலேயே இருக்கிறார். மெய்லிங்கை மட்டும் அதில் தேட வேண்டாம்; அவள் லிசா சீ உருவாக்கியவள்.