அசல் மசில் காரா, குளோனா? ஃபோர்டு, பான்டியாக், கிரைஸ்லர், ஷெவ்ரலே: ஓர் ஒப்பீடு

மசில் கார் என்றால் 1960, 70-களில் அமெரிக்காவில் செய்த, பெரிய எஞ்சின் வைத்த வேகக் கார். ஒரு சாதாரண 1969 ஷெவ்ரலே கமாரோவை அதன் வேக வகையான இசட் 28 ஆக மாற்ற என்ன வேண்டும்? ஒரு 302 கன அங்குல எஞ்சின், நாலு கியர் பெட்டி, பானெட்டிலும் டிக்கியிலும் இரண்டு அகலப் பட்டைகள், நாலு பேட்ஜ். எல்லாமே அமெரிக்காவில் காசு கொடுத்தால் கிடைக்கும். அப்படிச் செய்த காரைக் குளோன் என்று சொல்லியே விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, ஓட்டவும் நன்றாகவே இருக்கும். அதையே அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் வாங்குபவர் தலையில் துண்டு விழுகிறது. கிரைஸ்லரின் 1971 ஹெமி குடா கன்வர்டிபிள் (குடா காரின் பெயர், ஹெமி அதன் பெரிய எஞ்சினின் பெயர்) ஒன்று 2014-ல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அந்த அளவு பணம் புழங்கும் இடத்தில் போலி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

எந்தக் கார் அரிது என்று எல்லோரும் பேசுகிறார்கள். வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்தக் காரை அசல் என்று நிரூபிக்க என்ன மிச்சம் இருக்கிறது? அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனி பதிவேட்டைப் பத்திரமாக வைத்தது, இன்னொன்று வைக்கவில்லை. ஒன்று சேஸிஸ் நம்பரிலேயே (அமெரிக்காவில் இதை வின் நம்பர் என்பார்கள்) எஞ்சினைச் சொல்லிவிட்டது, இன்னொன்று எட்டு சிலிண்டர் என்பதோடு நிறுத்திக்கொண்டது.

அதற்கு முன் ஒரு விஷயம். காகிதம் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: இந்த நம்பரில் இப்படியொரு கார் தொழிற்சாலையில் பிறந்ததா? நம் முன்னால் நிற்பது அதே கார்தானா என்பதை இரும்புதான் சொல்ல வேண்டும். பிறப்புச் சான்றிதழ் உண்மையாக இருக்கலாம், அதைக் கையில் வைத்திருப்பவர் வேறு ஆளாக இருக்கலாம். துருப்பிடித்து ஒழிந்த அசல் காரின் வின் நம்பர் தகட்டைப் பிடுங்கி வேறு பாடியில் அடித்தவர்கள் உண்டு. அப்போது ஆவணம் எல்லாம் நிஜம், கார் மட்டும் பொய். 1969 கமாரோவின் முழு பாடியே இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகிறது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வின் நம்பரை அழிப்பதும் மாற்றுவதும் அமெரிக்காவில் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். நாளைக்குப் போலீஸ் பறிமுதல் செய்தால் பணத்தோடு காரும் போகும்.

காகித விஷயத்தில் ஃபோர்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. 1967-ல் தொடங்கும் தயாரிப்புத் தரவுகளை ஃபோர்டிடம் உரிமம் பெற்று வைத்திருக்கிறார் கெவின் மார்ட்டி. வின் நம்பரைக் கொடுத்தால் அந்தக் காரின் நிறம், எஞ்சின், கியர், அச்சு விகிதம், ஆப்ஷன்கள், போய்ச் சேர்ந்த டீலர் எல்லாம் அடங்கிய மார்ட்டி ரிப்போர்ட் வந்துவிடும். வின் நம்பரும் வாய் திறந்து பேசும். பாஸ் 429 மஸ்டாங் என்றால் ஐந்தாவது எழுத்து இசட், பாஸ் 302 என்றால் ஜி. பாஸ் 429-க்கு இன்னொரு சாட்சியும் உண்டு. அந்தப் பெரிய எஞ்சின் உள்ளே நுழைவதற்காக கார் கிராஃப்ட் என்ற நிறுவனம் முன்பக்க ஷாக் டவர்களையே (ஷாக் அப்சார்பரைத் தாங்கும் தூண்கள்) மாற்றி அமைத்தது. ஓட்டுநர் பக்கக் கதவில் கே.கே. என்று தொடங்கும் தனி நம்பரும் உண்டு. பானெட்டைத் திறந்து ஷாக் டவரைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். 1967-க்கு முந்தின மஸ்டாங்கில்தான் இந்த நிம்மதி இல்லை. 1965, 66-ல் கே என்ற எழுத்து 271 குதிரைத்திறன் 289 எஞ்சினைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஜி.டி. பேக்கேஜ் இருந்ததா என்பதை அந்த நம்பர் சொல்லாது, கேட்டுத் தெரிந்துகொள்ள மார்ட்டியிடமும் தரவு கிடையாது.

பான்டியாக் இரண்டாவது. 1964, 65 ஜி.டி.ஓ. என்பது லெமான்ஸ் காரின் ஒரு ஆப்ஷன்தான், அதனால் வின் நம்பரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. 1966 முதல் 242 என்று தொடங்கினால் ஜி.டி.ஓ. உறுதி. ஆனால் 1969-ல் வந்த ஜட்ஜ் என்ற ஜி.டி.ஓ. வகை மறுபடியும் ஆப்ஷன், வின் நம்பர் அதைப் பற்றி மூச்சு விடாது. இந்த ஓட்டையை அடைப்பது பி.எச்.எஸ். எனப்படும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ். 1961 முதல் 1986 வரையான கார்களின் தொழிற்சாலை பில் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. விற்பவர் காட்டும் நகலை நம்பாமல் நீங்களே நேரடியாகக் கேட்டு வாங்குங்கள். அவ்வளவுதான், பான்டியாக்கில் இதற்கு மேல் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

கிரைஸ்லர் கதை வேறு மாதிரி. ஹெமிகள் உச்சத்தில் இருந்த 1968 முதல் 1971 வரையான கார்களுக்குக் கம்பெனியிடம் கேட்டு வாங்கும்படியான தனித்தனிப் பதிவு கிடையாது. ஆனால் நம்பர் தெளிவாகப் பேசும். 1970 ஹெமி குடா ஹார்ட்டாப் பி.எஸ்.23.ஆர்.0.பி. என்று தொடங்கும். பாரகுடா, ஸ்பெஷல் வகை, இரண்டு கதவு ஹார்ட்டாப், 426 ஹெமி, 1970, ஹாம்ட்ராம்க் தொழிற்சாலை. அந்த ஆர் இல்லையென்றால் ஹெமியாகப் பிறக்கவில்லை, பேச்சு முடிந்தது. ஆறு கார்புரேட்டர் வாய் கொண்ட 440-க்கு அதே இடத்தில் வி வரும்.

பிரச்சினை ஃபென்டர் டேக்கில் இருக்கிறது. ஆப்ஷன் குறியீடுகள் அச்சிட்ட அந்தச் சின்னத் தகடு பானெட்டுக்குள் இடது ஃபென்டரின் உள்பக்கம் வெறும் திருகுகளில் நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும், கழற்றலாம், மாட்டலாம். புதிதாக அடித்துத் தருபவர்களும் உண்டு. ஹெமியைக் குறிக்கும் இ74 அதில் இருக்கிறது என்று மகிழ்ந்துபோகக் கூடாது. காரில் என்னென்ன பூட்ட வேண்டும் என்று தொழிலாளருக்குச் சொன்ன காகிதம் பில்ட் ஷீட்; பின் சீட்டின் ஸ்பிரிங்கில் சிக்கிக் கிடக்கும் அது இதைவிட மேல். ஆனால் அசெம்பிளி லைனில் ஒரு காரின் ஷீட் இன்னொரு காருக்குள் போனதும் உண்டு, அதனால் ஷீட்டில் உள்ள வின் நம்பரை ஒப்பிட்டே ஆகவேண்டும். இந்த இரண்டையும் விட நான் நம்புவது ரேடியேட்டர் சப்போர்ட்டில் குத்தியிருக்கும் பகுதி வின் நம்பரை. டாஷ்போர்டு தகட்டில் உள்ள கடைசி இலக்கங்கள் அங்கேயும், எஞ்சினிலும், கியர் பெட்டியிலும் ஒன்றாக இருந்தால்தான் மேட்சிங் நம்பர்ஸ் என்ற சொல்லுக்கு அர்த்தம்.

கடைசியாக ஷெவ்ரலே. பலரின் கனவுக் காரும் இதுதான், பலர் ஏமாறுவதும் இதில்தான். 1969 கமாரோவின் வின் 12437 என்று தொடங்கினால் எட்டு சிலிண்டர் கூப்பே என்று மட்டும்தான் பொருள். 327 போட்ட காருக்கும் அதே தொடக்கம், இசட் 28-க்கும் அதே தொடக்கம். மொத்தமே 69 மட்டும் செய்யப்பட்ட இசட்.எல்.1-க்கும் அதேதான். அந்த ஆண்டு 20,302 இசட் 28-கள் விற்றன. அவற்றில் உங்கள் கார் ஒன்றா என்று கேட்டால் சொல்ல, அமெரிக்காவில் ஷெவ்ரலேயிடம் பதிவு இல்லை. கனடாவில் விற்ற காராக இருந்தால் மட்டும் ஜி.எம். கனடாவிடம் ஆவணம் வாங்கலாம்.

ஃபயர்வாலில், அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள சுவரில், பாடி விவரங்கள் குத்திய கௌல் டேக் என்ற தகடு ஓரளவு உதவும். ஒஹாயோவின் நார்வுட் தொழிற்சாலையில் 1968 டிசம்பர் முதல் கட்டிய கார்களில் எக்ஸ் குறியீடு இருக்கும். எக்ஸ்33, எக்ஸ்77 என்றால் இசட் 28. லாஸ் ஏஞ்சலஸ் தொழிற்சாலைக் கார்களில் இந்தக் குறியீடே கிடையாது. அடுத்து, வாரண்டிப் புத்தகத்தில் ஒட்டி வந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற உலோகத் தகடு. வின் நம்பரும் எஞ்சின், கியர், அச்சுக் குறியீடுகளும் அதில் இருக்கும். அதற்கும் போலி வந்துவிட்டது என்பதுதான் வருத்தம்.

ஆகவே டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு எஞ்சினின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் உள்ள சின்னச் சமதளத்தைப் பாருங்கள். அங்கே வி0403டி.இசட். என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஃப்ளின்ட் தொழிற்சாலையில் ஏப்ரல் 3 அன்று பூட்டிய, 1969 இசட் 28-க்கான 302. எஞ்சினின் பின் விளிம்பில் வார்ப்புத் தேதி சி 27 9, அதாவது 1969 மார்ச் 27. கௌல் டேக்கில் 04பி, ஏப்ரல் இரண்டாம் வாரம். வார்த்தது முதலில், பூட்டியது அடுத்து, பாடி அதன் பிறகு. வரிசை சரி. கார் கட்டிய பிறகு வார்த்த எஞ்சின் உள்ளே இருந்தால் அது அந்தக் காரோடு பிறந்ததல்ல, வேறு எதுவும் பார்க்க வேண்டாம்.

தேதி சரியாக இருந்தாலும் அந்தச் சமதளத்தின் முகத்தைப் பாருங்கள். தளத்தைச் சீவிய தொழிற்சாலையின் ப்ரோச் இயந்திரம் ஒரே திசையில் மெல்லிய கோடுகளை விட்டிருக்கும், எழுத்துகள் அந்தக் கோடுகளின் மேல் குத்தப்பட்டிருக்கும். கோடே இல்லாத வழவழப்பான தளத்தில் கூர்மையான புது எழுத்துகள் இருந்தால் சந்தேகம்தான். எஞ்சினை நேர்மையாக ரீபில்ட் செய்தபோது தளத்தைச் சீவியிருந்தாலும் கோடு போய்விடும், அதனால் கோடு இல்லாததை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் சீவினால் எழுத்தும் போயிருக்க வேண்டும். கோடு போய் எழுத்து மட்டும் நிற்பது எப்படி என்று விற்பவர் விளக்கட்டும்.

அப்புறம் பாடி. வைப்பருக்கு முன்னால் உள்ள கௌல் பேனலைக் கழற்றினால் அடியில் பகுதி வின் குத்தியிருக்கும். டாஷ்போர்டு தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகள் பூவிதழ் வடிவில் இருக்க வேண்டும். சாதாரண பாப் ரிவெட் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

அசல் என்று நிரூபிப்பது எவ்வளவு எளிது என்பதை வைத்து நால்வரையும் நான் வரிசைப்படுத்தினால், முதலில் 1967 முதலான மஸ்டாங், அடுத்து ஜி.டி.ஓ., பிறகு ஹெமி குடா, கடைசியில் கமாரோ. ஹெமியை மூன்றாவதாக வைக்கக் காரணம் அதன் விலை. ஆர் எழுத்து உள்ள ஒரே ஒரு நம்பர் தகட்டுக்காக எவ்வளவு வேலையும் செய்யத் துணிவார்கள், அதனால் தகட்டைவிட பாடியில் குத்திய நம்பருக்குத்தான் அங்கே மதிப்பு. ஃபோர்டுக்கும் பான்டியாக்குக்கும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே வீட்டில் இருந்தபடி ரிப்போர்ட் வாங்கிவிடலாம், ஆள் அனுப்பி இரும்பைப் பார்ப்பது அதற்குப் பிறகு. கமாரோவுக்கு முதல் நாளே அந்த மாடல் தெரிந்த ஆளோடு நேரில் போங்கள். கௌல் பேனலைக் கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், ஒரு நல்ல 327 கமாரோவுக்கு என்ன விலையோ அதற்கு மேல் ஒரு டாலர்கூடப் பேசாதீர்கள்.