சாய்ந்த பைக்கை நிமிர்த்த: முதுகா, கையா, கூட ஆளா?

கனமான பைக் கீழே சாய வேகமே தேவையில்லை. நிறுத்தும்போது கால் ஊன்றும் பக்கம் தரை இரண்டு அங்குலம் இறங்கியிருந்தால் போதும். சைடு ஸ்டாண்ட் முழுதாக விரியாமல் இருக்கலாம், மெதுவாக வளையும்போது முன் பிரேக்கைக் கொஞ்சம் அதிகமாகப் பிடித்திருக்கலாம், சரளையில் பூட்ஸ் வழுக்கியிருக்கலாம். வண்டி படுத்துவிடும். ஒரு அளவுக்கு மேல் சாய்ந்த வண்டியை இழுத்துப் பிடிக்கப் பார்த்தால் முழங்காலும் தோளும்தான் போகும்; விட்டுவிட்டு விலகுவதே மேல். அதன் பிறகு வருகிறது கேள்வி: படுத்த வண்டியை எப்படி எழுப்புவது?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. வண்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து, காலால் உந்தி எழுப்பும் கட்சி ஒன்று. வண்டியைப் பார்த்தபடி குந்தி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தூக்கும் கட்சி இன்னொன்று. இரண்டு பேரும் தங்கள் முறைதான் சரி என்று சத்தியம் செய்வார்கள். நடுவே, 'ரெண்டு பேரைக் கூப்பிடுங்க, முடிஞ்சது' என்பவர்களும், தூக்குவதற்கென்றே ஒரு கருவியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அலைபவர்களும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், எந்த முறை என்பதைத் தரை முடிவு செய்ய வேண்டும். உங்கள் புஜபலத்துக்கு அதில் ஓட்டு குறைவு.

எவ்வளவு கனம், அதில் உங்கள் பங்கு எவ்வளவு

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. சூப்பர் மீட்டியார் 650 என்றால் 241. பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜிஎஸ் 249. ஹோண்டா கோல்டு விங் 350 கிலோவைத் தாண்டிவிடும். இதன் மேல் பெட்டிகள், பைகள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ. 20 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் 15 கிலோ, அதுவும் உயரமான இடத்தில்.

நல்லவேளையாக முழு எடையும் கைக்கு வராது. டயர்கள் தரையில் ஊன்றியிருக்க, வண்டி கதவுக் கீல் மாதிரி அந்த விளிம்பில் சுழல்கிறது. 200 கிலோ வண்டியில் எடை மையம் 55 செ.மீ. உயரத்திலும் ஹேண்டில்பார் 105 செ.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தட்டையாகக் கிடக்கும் அந்த வண்டியை ஹேண்டில்பாரில் பிடித்துக் கிளப்ப, ஆரம்பத்தில் 105 கிலோ தூக்கும் அளவு விசை வேண்டும். பாதி எழுந்ததும் அது 75க்கு வந்துவிடும். முக்கால்வாசி எழுந்தபின் 40தான். ஆக, கஷ்டமெல்லாம் முதல் ஒரு அடியில். முதுகு பிடித்துக்கொள்வதும் அங்கேதான்.

அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவனம் 1991இல் திருத்திய கணக்கில், எல்லாம் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்கலாம் என்று பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோ. அது வேலையிடத்தில் சுமை தூக்குகிறவர்களுக்கான கணக்கு, என்றைக்கோ ஒருமுறை தூக்குவதற்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் 23 எங்கே, 105 எங்கே என்று ஒரு தரம் யோசித்துவிட்டுக் குனிவது நல்லது.

கை வைக்கும் முன்

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை அணைக்கும் கில் ஸ்விட்ச், பிறகு சாவி. பெட்ரோல் சொட்டுகிறதா என்று பாருங்கள். பழைய கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் டேப்பை மூடுங்கள். பெட்டிகளைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்ற வெட்கத்தில்தான் பலர் அவசரமாகக் குனிகிறார்கள்; இரண்டு நிமிடம் நின்று மூச்சு வாங்கினால் ஒன்றும் குறைந்துவிடாது.

எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அடுத்தது. வலப்பக்கம் என்றால் ஒருவகையில் அதிர்ஷ்டம். சைடு ஸ்டாண்ட் இடப்பக்கம், அதாவது மேலே இருக்கிறது. தூக்கும் முன்பே அதை விரித்து வைத்துவிட்டால், வண்டி நிமிர்ந்து கொஞ்சம் அந்தப் பக்கம் போனாலும் ஸ்டாண்டில் போய் நிற்கும். கியர் லிவரும் மேலேதான், வண்டி உருளாமல் இருக்க முதல் கியரில் போட்டுவிடலாம். முன் பிரேக் லிவரோ நீங்கள் பிடிக்கப்போகும் கைப்பிடியிலேயே இருக்கிறது. கெட்ட செய்தி ஒன்றுண்டு: பல வண்டிகளில் சைலன்சரும் வலப்பக்கம்தான். கெண்டைக்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கம் சாய்ந்தால் ஸ்டாண்டும் கியரும் அடியில் மாட்டிக்கொள்ளும். அப்போது முன் பிரேக் லிவரை ஒரு கயிற்றாலோ ரப்பர் பட்டையாலோ இறுக்கிக் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாதி எழுந்த வண்டி உருள ஆரம்பிக்கும்.

முதுகு கொடுத்துத் தூக்குவது

ஹேண்டில்பாரை வண்டி சாய்ந்த பக்கமே முழுக்கத் திருப்புங்கள். முன்சக்கரத்தின் மூக்கு தரையைப் பார்க்கும். கீழே இருக்கும் கைப்பிடி டேங்க் பக்கம் வந்துவிடும். வண்டிக்கு முதுகைக் காட்டி, சீட்டின் விளிம்பில் இடுப்புக்குக் கீழே பின்பக்கம் பதியும்படி உட்காருங்கள். ஒரு கை கைப்பிடியில், மறு கை சீட்டுக்குப் பின்னால் உள்ள பிடிகம்பியிலோ (கிராப் ரெயில்) சட்டத்திலோ. இண்டிகேட்டரைப் பிடித்தால் அது கையோடு வரும். முதுகு நேராக, கைகள் மடங்காமல், கால்களால் தரையை உந்தியபடி சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடக்க வேண்டும். ஒரே மூச்சில் எகிறுவதற்கு இங்கே இடமில்லை.

கணக்குப்படி பார்த்தால் இது நஷ்டம். சீட்டின் உயரம் 80 செ.மீ. என்றால், அங்கே கொடுக்க வேண்டிய விசை 105 அல்ல, 137 கிலோவுக்குச் சமம். இருந்தும் சின்ன உடல்வாகு கொண்டவர்கள்கூட இந்த முறையில் பெரிய குரூசர்களை (தாழ்ந்த சீட் கொண்ட கனமான வண்டிகளை) எழுப்பிவிடுகிறார்கள். தொடையும் பிட்டமும் உடம்பிலேயே பெரிய தசைகள். வேலையை அவை செய்கின்றன. சுமை உடம்போடு ஒட்டியிருக்கிறது, முதுகெலும்பு வளைவதில்லை. நெம்புகோலில் தோற்பதைத் தசையில் மீட்டுக்கொள்கிறது இந்த முறை.

ஆனால் இரண்டு பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாது. வண்டி நேராக வந்த அந்தக் கணத்தில் விசையைக் குறைக்காவிட்டால் மறுபக்கம் போய் விழும்; முதல் முறை கீறாமல் தப்பிய பக்கமும் அப்போது போயிற்று. இரண்டாவது, கால் பிடிமானம். இங்கே நீங்கள் மேலே தூக்குவதைவிடப் பக்கவாட்டில் தள்ளுவதுதான் அதிகம். தார்ச் சாலையில், காய்ந்த கான்கிரீட்டில் பிரச்சினை இல்லை. சரளை, ஈரப் புல், எண்ணெய் சிந்திய இடம் என்றால் கால் முன்னால் வழுக்கிக்கொண்டு போகும். நீங்கள் தரையில் உட்கார்ந்திருப்பீர்கள், வண்டி உங்கள் மேல் சாய்ந்திருக்கும்.

பார்த்தபடி ஹேண்டில்பாரைத் தூக்குவது

மண் பாதைக்கும் தோதான உயரமான அட்வெஞ்சர் பைக் ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்சி. ஹேண்டில்பாரை முழுக்க ஒரு பக்கம் திருப்பி, கீழே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, நன்றாகக் குந்தி, கையை நீட்டியபடியே வைத்து, காலால் எழ வேண்டும். முழுக்கத் திருப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நடுவில் விட்டுவிட்டால் உங்கள் பலம் வண்டியைத் தூக்குவதில் போகாது, ஸ்டியரிங்கைத் திருப்புவதில் வீணாகும். கடைசி வரை திருப்பி லாக்கில் முட்டவைத்துவிட்டால், தூக்கத் தூக்க அது லாக்கிலேயே அழுந்தி நிற்கும். வண்டி இடுப்பு உயரம் வந்ததும் தொடையை டேங்கிலோ சீட்டிலோ முட்டுக் கொடுத்து, ஒரு அடி முன்னால் வைத்துத் தள்ளினால் மீதி சுலபம்.

கண்ணெதிரே நடப்பதால் நிமிரும் தருணத்தில் கட்டுப்பாடு உங்களிடம் இருக்கும். கால் வழுக்குவதும் குறைவு. மேல்நோக்கித் தூக்கும்போது அந்த எடையும் சேர்ந்து உங்கள் பாதங்களைத் தரையில் அழுத்துகிறது. மண்ணிலும் சரளையிலும் இந்த முறை எடுபடுவதன் ரகசியம் இதுதான்.

இடிப்பது ஆரம்பத்தில். தட்டையாகக் கிடக்கும் வண்டியில் கைப்பிடி கணுக்கால் உயரத்தில் கிடக்கும். அவ்வளவு கீழே குந்தி முதுகை நேராக வைக்க எல்லோருக்கும் இடுப்பு ஒத்துழைக்காது; முழங்கால் வலி உள்ளவர்கள் குந்துவதற்குப் பதில் குனிந்துவிடுவார்கள், வினை அங்கேதான். என்ஜினைக் காக்கப் பக்கவாட்டில் மாட்டும் கம்பி வளையமான கிராஷ் கார்டின் உண்மையான பலன் இங்கே தெரியும். வண்டி முழுக்கப் படுக்காமல் 60 டிகிரி சாய்வில் நின்றுவிட்டால், கணக்கில் மிச்சமாவது பதின்மூன்று சதவீதம்தான். ஆனால் கைப்பிடி முழங்கால் அளவுக்கு வந்துவிடுகிறதே, அதுதான் பெரிய லாபம். பி.எம்.டபிள்யூவின் பாக்ஸர் என்ஜின் வண்டிகளில் இருபுறமும் துருத்திக்கொண்டிருக்கும் சிலிண்டர்களே இந்த வேலையைச் செய்துவிடும்.

ஹேண்டில்பாரின் அமைப்பையும் பாருங்கள். அகலமாக, உயரமாக இருக்கும் அட்வெஞ்சர் ஹேண்டில்பார் நல்ல நெம்புகோல். குரூசர்களில் பின்னுக்கு வளைந்து தாழ்ந்திருக்கும் ஹேண்டில்பாரிலும், ஸ்போர்ட்ஸ் பைக்கின் குட்டையான கைப்பிடிகளிலும் (கிளிப்-ஆன்) அந்த அனுகூலம் கரைந்துவிடும். அதனால் தார்ச் சாலையில் குரூசர் சாய்ந்தால் முதுகு, மண் பாதையில் அட்வெஞ்சர் சாய்ந்தால் கை என்பது என் தேர்வு. சரளையில் குரூசர் சாய்ந்தால்? ஆள் வரும்வரை காத்திருப்பேன்.

கூட ஆள்

இரண்டு பேர் என்றால் சுமை பாதி என்று நினைப்போம். ஒழுங்காகச் செய்தால் உண்மை. ஒழுங்காக என்றால் ஒருவர் ஹேண்டில்பாரில், மற்றவர் பின்னால் கிராப் ரெயிலில், இருவரும் ஒரே பக்கம், ஒரே எண்ணிக்கையில். மூன்றாவது ஆள் கிடைத்தால் எதிர்ப்பக்கம் நின்று, வண்டி தாண்டி வராமல் தடுப்பது மட்டுமே அவர் வேலை.

நடப்பது வேறு. நல்ல மனசோடு ஓடி வருகிறவர் முதலில் பிடிப்பது கண்ணாடியை. அடுத்தவர் சூடான சைலன்சரை. இன்னொருவர் நீங்கள் 'ஒன்று' என்று சொல்லும்போதே தூக்கிவிடுவார். ஆகவே கை வைக்கும் முன் வாயைத் திறக்க வேண்டும்: "அண்ணே, இந்தக் கம்பியைப் பிடிங்க. மூணு சொன்னதும் தூக்கணும். நேரா வந்ததும் விட்டுடாதீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள். வண்டி நிமிர்ந்த உடனே 'முடிந்தது' என்று எல்லோரும் கையை எடுத்துவிடுவார்கள், ஸ்டாண்டைத் தேடும் உங்கள் காலை நம்பி 240 கிலோ நின்றுகொண்டிருக்கும்.

கருவிகள்

கப்பியும் பட்டையும் சேர்ந்தவை, ராட்செட் லிவர் வைத்துப் படிப்படியாக ஏற்றுபவை என்று மடக்கி எடுத்துப்போகும் சாதனங்கள் விற்கின்றன. ஆளில்லாத பாதைகளில் தனியாக, 250 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியில் போகிறவருக்கு நியாயமான செலவு. முதுகில் ஏற்கெனவே கோளாறு உள்ளவருக்கும்தான். மெல்ல ஏறும், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கலாம். வேறு எந்த முறையிலும் இது முடியாது. மண் இளகலாக இருந்தால் கருவியின் கால் புதையும், அடியில் பலகையோ தட்டைக் கல்லோ வேண்டும். நகருக்குள் ஓட்டுபவருக்கு இது வெறும் சுமை.

சரிவு

மேலே சொன்ன எல்லா முறைகளையும் சரிவு கவிழ்த்துவிடும். சக்கரங்கள் மேட்டுப் பக்கமும் டேங்க் பள்ளத்துப் பக்கமும் கிடந்தால் தூக்கவே தூக்காதீர்கள். 90 டிகிரிக்கும் அதிகமாகச் சுழற்ற வேண்டியிருக்கும், அதுவும் நீங்கள் பள்ளத்தில் நின்றுகொண்டு. முதலில் வண்டியைப் படுத்தபடியே, கிராஷ் கார்டின் மேல் சுழற்றி இழுத்து, சக்கரங்கள் பள்ளத்தைப் பார்க்கும்படி கொண்டுவாருங்கள். கீறல் விழும், விழட்டும். இப்போது மேட்டில் நின்று குறைந்த கோணத்தில் தூக்கலாம். இந்த நிலையில் வண்டி எதிர்ப்பக்கம் உருண்டு போகத் துடிக்கும் என்பதால் முதுகு கொடுக்கும் முறை வேண்டவே வேண்டாம், பார்த்தபடிதான். வலப்பக்கம் சாய்ந்திருந்தால் ஸ்டாண்ட் பள்ளத்துப் பக்கம் இருக்கும். அதை நம்பி நிறுத்தினால் வண்டி அதையும் தாண்டிச் சாயும்.

நின்ற பிறகு

உடனே செல்ஃப் அழுத்த வேண்டாம். சில நிமிடம் ஸ்டாண்டிலேயே நிற்கட்டும். இடம் மாறிப் போன எண்ணெய் கீழே இறங்கட்டும். பிரேக், கிளட்ச் லிவர்கள் வளைந்திருக்கின்றனவா, ஆக்சிலரேட்டர் விட்டதும் திரும்பி வருகிறதா, ஹேண்டில்பார் இரு பக்கமும் முட்டாமல் திரும்புகிறதா என்று பாருங்கள். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் பலவற்றில் சாய்வை உணர்ந்து என்ஜினை நிறுத்தும் சென்சார் இருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மீண்டும் உயிர் வரும். செல்ஃப் அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு என்ஜின் சுற்றாமல் நின்றால் மறுபடி அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் எண்ணெயோ பெட்ரோலோ தேங்கியிருக்கக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, திரவத்தை வெளியேற்றிய பிறகுதான் அடுத்த முயற்சி.