உத்வார்-ஹேஸி மையம்: ஜெர்மன் விமானங்களுக்காகவே போகலாம்

வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், ஷான்டிலியில் இருக்கிறது இந்த ஸ்மித்சோனியன் விமான அருங்காட்சியகம். நுழைவு இலவசம், பார்க்கிங்குக்குக் காசு.

நேராக ஆராடோ 234-க்குப் போங்கள்: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் ஜெட் குண்டுவீச்சு விமானம். உலகில் மிஞ்சியிருக்கும் ஒரே ஒன்று. தொடர் எண் 140312. இறக்கைக்கு அடியில் தொங்கும் ஜூமோ 004 ஜெட் எஞ்சின்களை நிதானமாகப் பாருங்கள். நிக்கலும் குரோமியமும் கிடைக்காததால் எரியறையைச் சாதாரண எஃகில் செய்து அலுமினியம் பூசினார்கள். அது வெப்பம் தாங்குமா? எஞ்சினின் ஆயுள் 25 மணி நேரத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

டோர்னியர் 335, அதே காலத்து ஜெர்மன் போர் விமானம்: மூக்கில் ஒரு புரொப்பெல்லர், வாலில் ஒன்று. விமானி குதிக்கும்போது பின் புரொப்பெல்லரில் அடிபடாமலிருக்க, அதையும் மேல் வாலையும் வெடித்துக் கழற்றிவிடும் ஏற்பாடு உண்டு. 1970-களில் புதுப்பிக்க ஜெர்மனிக்கு அனுப்பியபோது, அந்த வெடிமருந்து உள்ளேயே இருந்தது தெரியவந்தது! முப்பது வருஷமாக யாரும் கவனிக்கவில்லை.

குறை ஒன்று: விமானங்களை நெருக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தரையிலிருந்து முழு வடிவம் பிடிபடாது. மேல் நடைபாதையில் ஏறிப் பாருங்கள்.