மோர்ட்டார் வாங்கப் போய்த் தண்ணீர்க் குழாய் வாங்கினேன்: ஏர்சாஃப்ட் ஆடுபவர்கள் கவனத்துக்கு

பார்சல் வந்த அன்று வாசலிலிருந்தே "மோர்ட்டார் வந்தாச்சு!" என்று கத்தினேன். சமையலறையிலிருந்து மனைவி, "அப்பாடா, இனிமே மாடி டேங்குக்குத் தண்ணி ஏறும்" என்றாள். நான் சொன்னது குண்டை மேலே வீசும் குட்டிப் பீரங்கி மாதிரியான விளையாட்டுச் சாமான், அவள் காதில் விழுந்தது தண்ணீர் மோட்டார். விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

ஏர்சாஃப்டில், அதாவது பிளாஸ்டிக் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கிகளோடு ஆடும் போர் விளையாட்டில், துப்பாக்கியோடு நிற்பவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாகத் தேவைப்படாது. கிரனேட், லாஞ்சர், மோர்ட்டார் என்று அடுத்த படிக்கு ஆசைப்படுபவர்கள், அதிலும் பழைய சாமானாக வாங்க நினைப்பவர்கள், முழுசாகப் படித்துவிடுங்கள்.

நான் வாங்கியது ஒரு 'செட்'. 60 மி.மீ. மோர்ட்டார் மாதிரி ஒன்று, எம்79 என்ற கிரனேட் ஏவும் துப்பாக்கி மாதிரி லாஞ்சர் ஒன்று, அதற்கு 40 மி.மீ. ஷெல் ஆறு, கார்பன் டை ஆக்சைடு குப்பி போட்டு வெடிச்சத்தம் எழுப்பும் கிரனேட் ஒன்று, அந்தக் கிரனேடுக்கு மாற்று ஓடுகள் பத்து. அசல் எம்79, 1961இல் அமெரிக்கப் படையில் சேர்ந்தது. ஒற்றைக் குழல், நடுவில் மடித்துத் திறந்து ஒரே ஒரு ஷெல்லைச் செருகி மூடுவது. விளையாட்டுச் சாமானிலும் அந்த 40 மி.மீ. அளவு அப்படியே இருக்கும். வெடிமருந்து இருக்கவேண்டிய இடத்தில் கேஸ், முன்னால் இருக்கும் ஓட்டைகளில் பிபி, அதாவது 6 மி.மீ. பிளாஸ்டிக் குண்டுகள். ஓர் அறைக்குள் மூன்று பேர் பதுங்கியிருக்கும்போது வாசலில் நின்று ஒரே தட்டில் நூறு பிபியைக் கொட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்குத்தான் விழுந்தேன்.

விற்றவர் எனக்கு முன்பின் தெரியாதவர். ஆறு ஷெல்லைப் புதிதாக வாங்கினால் ஆகும் காசுக்கு மொத்தச் செட்டையும் தருவதாகச் சொன்னார். வெளிநாடு கிளம்புகிறாராம், அவசரமாம். படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. நீலப் பூப்போட்ட ஒரு போர்வையை விரித்து, ஒவ்வொன்றையும் கல்யாணச் சீர் வரிசை மாதிரி அடுக்கி எடுத்திருந்தார். ஷெல் வெடித்து பிபி சிதறும் வீடியோ ஒன்றும் வந்தது. வால்வைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். "எல்லாம் சீல் பண்ணிட்டேன் ப்ரோ, பிரிச்சா வாரண்டி போயிடும்" என்றார். பழைய சாமானுக்கு வாரண்டி! அங்கேயே நான் எழுந்து போயிருக்க வேண்டும்.

காசு அனுப்பும்போது இன்னொன்று சொன்னார். "பொருள் வாங்குறதா போடாதீங்க. ஆயுதம்னு நினைச்சு ரெண்டு பேர் கணக்கையும் முடக்கிடுவாங்க. நண்பருக்கு அனுப்புற மாதிரி அனுப்புங்க." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இந்த மாதிரிச் சாமான் என்றால் பணம் அனுப்பும் சேவைகள் சில முரண்டு பிடிப்பது நிஜம். ஆனால் நண்பருக்கு என்று அனுப்பிய காசுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. என்ன வாங்கினாய், யார் ஏமாற்றினார் என்றுகூட யாரும் கேட்கமாட்டார்கள்.

முதலில் ஷெல்கள். பெரும்பாலான 40 மி.மீ. ஷெல்களில் நடுத்தண்டை அழுத்தினால் 'கிளிக்' என்று பூட்டிக்கொள்ளும். அடியில் இருக்கும் வால்வில் கேஸ் டப்பாவைக் கவிழ்த்து நிரப்பிவிட்டு, முன்னால் பிபி போட வேண்டும். லாஞ்சரின் சுத்தி அடிப்பாகத்துப் பித்தானைத் தட்டியதும் பூட்டு விடுபட்டு, கேஸ் ஒரே மூச்சில் வெளியே பாயும். அவ்வளவுதான் சூட்சுமம். இதை எல்லாம் பிடித்து வைத்திருப்பது இரண்டு மூன்று ரப்பர் ஓ-ரிங்குகள். ராத்திரி ஆறையும் நிரப்பி வைத்தேன், காலையில் நாலு காலி. பஞ்சர் பார்க்கிற மாதிரி வாளித் தண்ணீரில் ஒவ்வொன்றாக முக்கினேன். இரண்டில் வால்விலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி, இரண்டில் தண்டின் ஓரத்திலிருந்து. பிரித்துப் பார்த்தால் ஓ-ரிங் வெயிலில் கிடந்த ரப்பர் பேண்ட் மாதிரி வெடித்திருந்தது. வெடிப்பு தெரியாமல் இருக்கக் கெட்டியாக கிரீஸ் பூசி வைத்திருந்தார்.

ஓ-ரிங் தேய்வது குற்றமில்லை. மாற்றிக்கொள்ளலாம், காசும் கம்மி. கிரீஸைப் பூசி மறைத்ததுதான் குற்றம். ஒரு ஷெல்லில் மரையும் போயிருந்தது. அதை என்ன செய்தாலும் ஒன்றும் ஆகாது.

கேட்டதற்கு அவர் அனுப்பிய பதில்: "கிரீன் கேஸ் பத்தாது ப்ரோ. அடாப்டர் போட்டு சிஓடூ ஏத்துங்க, சும்மா பிச்சுக்கிட்டுப் போகும்."

இதைப் படித்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. கிரீன் கேஸ் என்பது வேறொன்றுமில்லை, புரோப்பேனோடு கொஞ்சம் சிலிக்கோன் எண்ணெய். 20 டிகிரி சூட்டில் அதன் அழுத்தம் சுமார் 8 பார். அதே சூட்டில் சிஓடூ, அதாவது கார்பன் டை ஆக்சைடு, குப்பிக்குள் இருப்பது 57 பார் அளவில், ஏழு மடங்கு. கிரீன் கேஸுக்கென்று செய்த ஷெல்லில், அதிலும் மரை தேய்ந்ததில், அதை ஏற்றினால் அவர் சொன்னபடி நிச்சயம் பிச்சுக்கொண்டு போகும். ஆனால் எதைப் பிச்சுக்கொண்டு போகும் என்பதுதான் கேள்வி. வெயிலும் சேர்ந்தால் இன்னும் மோசம். கிரீன் கேஸே 40 டிகிரியில் 14 பாரை நெருங்கிவிடும். கேஸ் நிரப்பிய ஷெல்லைக் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று தெரிந்தவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அடுத்தது அந்தக் கிரனேட். பின்னை உருவி வீசினால் பிடி தெறித்துப் போகும், ஊசி 12 கிராம் குப்பியைத் துளைக்கும், கேஸ் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் நிரம்பி ஓரிரு வினாடியில் 'டமார்'. ஓடு கிழிய வேண்டிய இடத்தில் கிழியும்படிதான் அச்சில் வார்த்திருப்பார்கள். ஒரு ஓடு ஒரு தடவைக்குத்தான். எனக்கு வந்த பத்தில் எட்டின் விளிம்பில், உப்புப் பூத்த சுவர் மாதிரி லேசாக ஒரு வெள்ளைப் படலம் இருந்தது. விரலை ஓட்டினால் சொரசொரத்தது. அது சூப்பர் க்ளூ காய்ந்த தடம். ஏற்கெனவே வெடித்த ஓடுகளைப் பொறுக்கி ஒட்டிப் புதுசு என்று விற்றிருக்கிறார்! இப்படி ஒட்டினால் கிழியவேண்டிய கோடு கெட்டியாகி, ஓடு வேறெங்கோ உடையும். துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. எட்டையும் வேறு யாரும் எடுத்து ஒட்டிவிடாதபடி நசுக்கிக் குப்பையில் போட்டேன்.

கடைசியில் மோர்ட்டார். இதற்குள் எனக்கு உஷார் வந்திருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. ஏனென்றால் அது வேலை செய்தது. பச்சை பெயின்ட், இரண்டு கால், அடியில் தட்டு, பார்க்க அசல் மாதிரியே. அடியில் கேஸ் ஏற்றி, நுரைத்தலை வைத்த குண்டை மேலிருந்து போட்டு, வால்வைத் திறந்தால் 'தும்' என்று கிளம்பி வளைந்து போய் விழுந்தது. வீட்டு முற்றத்தில் மூன்று தடவை அடித்தேன். பையன் பக்கத்தில் நின்று காதைப் பொத்திக்கொண்டு குதித்தான்.

அடுத்த ஆட்டத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். மைதானத்தில் சாமான்களைச் சோதிக்கும் அண்ணன் எல்லாரையும் வேகமாக அனுப்பிக்கொண்டிருந்தவர், இதைக் கையில் வாங்கியதும் நின்றுவிட்டார். எடை பார்ப்பது மாதிரி மேலும் கீழும் ஆட்டினார். சாவிக்கொத்தால் குழலை ஒரு தட்டுத் தட்டினார். உலோகம் என்றால் 'டங்' என்று வர வேண்டும், இது 'டொக்' என்றது. "சொரண்டிப் பார்க்கலாமாப்பா?" என்று கேட்டுவிட்டு, சாவி முனையால் அடிப்பக்கத்தில் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே சாம்பல் நிறம். இன்னும் கொஞ்சம் சுரண்டினதும் வரிசையாக அச்செழுத்து வந்தது. குழாயின் விட்டம், அழுத்த வகுப்பு. பின்னால் நின்ற பையன் ஒருவன், "அண்ணே, இது பிவிசி பைப்பு" என்றான்.

அந்த அண்ணன் என்னைத் திட்டவில்லை. தனியாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பொறுமையாகச் சொன்னார். அந்தக் குழாயில் போட்டிருக்கும் அழுத்தம் தண்ணீருக்கானது. தண்ணீர் சுருங்காது. குழாய் விரிசல் விட்டால் பீய்ச்சி அடித்துவிட்டு அடங்கிவிடும். கேஸ் அப்படியில்லை. நெரித்து வைத்த ஸ்பிரிங் மாதிரி, விரிசல் கிடைத்த நொடியில் அத்தனையும் விரியும். பிவிசி வளைந்து கொடுக்காமல் கண்ணாடி மாதிரிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சூடு ஏறினால் அதன் பலம் வேறு இறங்கும். 23 டிகிரிக்குக் குறித்த தாங்குதிறனில் 60 டிகிரியில் கால்வாசிகூட மிஞ்சாது. கரும்பச்சை பெயின்ட் அடித்து வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, அழுத்தக் காற்றுக்குப் பிவிசி குழாய் போடாதீர்கள் என்று 1988லேயே எச்சரித்திருக்கிறது. நான் போட்டிருந்த கண்ணாடி பிபியைத் தடுக்கும். பிவிசிச் சில்லைத் தடுக்குமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. முற்றத்தில் நின்ற என் பையன் கண்ணாடி போட்டிருந்தானா என்று மட்டும் கேட்டார்.

போட்டிருக்கவில்லை.

ஒரு வாரம் அந்த விற்பனையாளரிடம் மல்லுக்கட்டினேன். "மோர்ட்டார்னுதான் சொன்னேன், உலோகம்னு எங்க சொன்னேன்?" என்று கேட்டார். விளம்பரத்தைத் திரும்பப் படித்தேன். 'உறுதியான குழல்' என்றுதான் இருந்தது. உலோகம் என்ற வார்த்தை எங்கேயும் இல்லை, நானாக நினைத்துக்கொண்டது. பணம் அனுப்பிய இடத்தில் முறையிட்டால், நண்பருக்குக் கொடுத்ததை நண்பரிடமே கேளுங்கள் என்கிற தோரணையில் ஒரு பதில் வந்தது. அதற்கப்புறம் அவர் என்னை பிளாக் செய்துவிட்டார்.

காந்தம் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். உதவாது. நல்ல குழல் அலுமினியத்தில் இருக்கும், அதிலும் காந்தம் ஒட்டாது. எடையைக் கேளுங்கள், தராசில் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே பருமனுக்கு அலுமினியம் பிவிசியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். ஷெல் என்றால் வெடிக்கிற வீடியோ வேண்டாம், அதை எங்கிருந்து வேண்டுமானாலும் திருடிப் போட்டுவிடலாம். உங்கள் பெயரை ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்து, கேஸ் நிரப்பி, தண்ணீரில் முக்கி, ஒரு நிமிடம் வெட்டாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல ஷெல் வைத்திருப்பவர் பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள். மோர்ட்டாரை மட்டும், கேஸ் நிற்கும் அறை எதில் செய்தது, எவ்வளவு அழுத்தத்துக்குச் சோதித்தது என்று எழுத்தில் சொல்லாத யாரிடமும் வாங்காதீர்கள். சும்மா கொடுத்தால்கூட வேண்டாம்.

லாஞ்சர் பழுதில்லை, அதை வைத்திருக்கிறேன். ஓ-ரிங் மாற்றியதில் ஷெல் ஐந்து தேறியது. குழாயை நானே ரம்பத்தால் மூன்றாக அறுத்தேன். "தண்ணி மோட்டார்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள் மனைவி.

போன வாரம் வேறொரு பெயரில் வேறொரு செட் விற்பனைக்கு வந்திருந்தது. வெளிநாடு கிளம்புகிறாராம், அவசரமாம். மோர்ட்டாருக்கு இந்தத் தடவை மணல் நிற பெயின்ட். விரித்திருந்தது அதே நீலப் பூப்போட்ட போர்வை.